ஓவியம், பாட்டு, நாடகம்: மூன்றையும் பிளஸ் டூ வரை எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி: மகன் ஏற்காட்டில் பத்தாவது முடித்திருக்கிறான். படம் நன்றாக வரைவான். நாலு வருடமாகப் பாட்டு கற்கிறான். பள்ளி நாடகம் என்றால் அவனுக்கு ஒரு வேடம் உண்டு. மூன்றையும் படிக்கிற மாதிரி பிளஸ் ஒன்னில் குரூப் இருக்கிறதா? கீழே சேலத்தில் சேர்க்கலாமா? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்த குரூப் என்று எதுவும் கிடையாது. கலைக்குத் தனி இடம் ஒதுக்கும் ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில்கூட (கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளியில் 1976 முதல் இருப்பது) ஓவியம், இசை, நாடகம், நடனம், திரைப்படம் எல்லாம் ஆறாவது தொகுதியில் அடங்கிவிடும். மாணவர் அதில் பொதுவாக ஒன்றைத்தான் எடுக்க முடியும். காரணம், இவை செய்து செய்து கைக்கு வர வேண்டியவை. ஒன்றுக்கே வாரம் ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும். ஆகவே குரூப்பைத் தேடுவதை விட்டு நேரத்தைத் தேடுங்கள். எந்தப் பள்ளி, எந்தக் குரூப் என்று பேச்சு வரும்போதெல்லாம், "இதில் சேர்ந்தால் பையனுக்கு வாரம் பத்து மணி நேரம் மிஞ்சுமா?" என்று ஒரே ஒரு கேள்வியை வைத்து அளந்து பாருங்கள்.

முதலில் பள்ளி. மாநிலப் பாடத்திட்டத்தில் "ஆர்ட்ஸ் குரூப்" என்று சொல்வதைக் கேட்டுச் சில பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். அதில் வரலாறும் பொருளியலும் இருக்கும், தூரிகை இருக்காது. நம் பக்கத்து அரசுப் பள்ளி, மெட்ரிக் பள்ளிகளில் சேர்த்தால் கலை முழுக்கப் பள்ளிக்கு வெளியே நடக்க வேண்டியதுதான். அதில் பெரிய குறை ஒன்றுமில்லை. குரூப் மட்டும் யோசித்து எடுங்கள். கட்டடக்கலை (பி.ஆர்க்.) பக்கம் மனது போகும் என்று துளி சந்தேகம் இருந்தாலும் கணிதமும் இயற்பியலும் உள்ள குரூப் வேண்டும்; அவை இல்லாமல் பி.ஆர்க். சேர்க்கைக்கான நாட்டா தேர்வு எழுதியும் பயனில்லை. நிஃப்ட் (ஆடை வடிவமைப்பு), என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) கல்லூரிகளுக்கும், ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். (வடிவமைப்பு) படிப்புக்கான யூசீட் தேர்வுக்கும் எந்தக் குரூப்பானாலும் சரி. நுண்கலைக் கல்லூரிக்கும் அப்படியே. பி.ஆர்க். வேண்டாம் என்று உறுதியாக இருந்தால் பயோ-மேத்ஸ் எடுப்பதில் அர்த்தம் இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் ரெக்கார்டு நோட்டுகளும் டியூஷனும் சேர்ந்து அந்தப் பத்து மணி நேரத்தை விழுங்கிவிடும்.

மலையிலிருந்து பிள்ளைகளை இறக்கி சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல்களில் சேர்ப்பது நம் வட்டாரத்து வழக்கம். விடிவதற்கு முன் ஸ்டடி, ராத்திரி டெஸ்ட் என்று ஓடும் விடுதியில் சுருதிப் பெட்டியைத் திறக்கவே நேரம் கிடைக்காது. இந்தப் பையனுக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து. சேலத்தில் சேர்ப்பதானால் உறவினர் வீடு இருக்கிறதா பாருங்கள். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால், போக்குவரத்திலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

சி.பி.எஸ்.இ.யில் கதை வேறு. அங்கே பெயின்டிங் (பாட எண் 049), கிராபிக்ஸ், சிற்பம், கமர்ஷியல் ஆர்ட் என்று நான்கு உண்டு. கர்நாடக இசையில் குரலிசை (031), மெல்லிசைக் கருவி, மிருதங்கம் தனித்தனிப் பாடங்கள். எதை எடுத்தாலும் எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70. ஐந்தாவது பாடமாகவும் எடுக்கலாம், ஆறாவது கூடுதல் பாடமாகவும் வைக்கலாம். ஆனால் பட்டியலில் இருப்பதெல்லாம் பள்ளியில் இருக்காது. பார்க்கப் போகும்போது நான்கு விஷயம் கேளுங்கள். இந்தப் பாடத்துக்கென்றே ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது ஆறாம் வகுப்பு டிராயிங் மாஸ்டரே இதையும் பார்க்கிறாரா? வாரம் எத்தனை பீரியட், அதில் இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் வருகிறதா? போன வருடம் எத்தனை பேர் இந்தப் பாடத்தில் போர்டு தேர்வு எழுதினார்கள்? வெளித்தேர்வாளர் வந்தபோது காட்டிய போர்ட்ஃபோலியோ (மாணவரின் படத் தொகுப்பு) ஒன்றைப் பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால், அங்கே அந்தப் பாடம் காகிதத்தில் மட்டும்தான் நடக்கிறது. நாற்பது நிமிட ஒற்றை பீரியடில் வண்ண வேலை நடக்காது. தண்ணீர் எடுத்து வைத்துப் பலகையில் தாள் ஒட்டுவதற்குள் மணி அடித்துவிடும்.

இரண்டும் தோதுப்படாவிட்டால் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) மேல்நிலையில் ஓவியம் ஒரு பாடமாக உண்டு. வீட்டில் தானாக உட்கார்ந்து படிக்கிற ஒழுங்கு இருக்கிற பிள்ளைக்கு மட்டும் அது சரிவரும்.

இனி ஓவியம். இங்கேதான் அதிகம் சொல்ல இருக்கிறது. "நன்றாக வரைவான்" என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் புகைப்படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைவதைத்தான். சி.பி.எஸ்.இ. தேர்வு ஆகட்டும், நுண்கலைக் கல்லூரிச் செய்முறைத் தேர்வு ஆகட்டும், யாரும் புகைப்படம் தர மாட்டார்கள். கண்ணெதிரே பொருள்களை அடுக்கி வைப்பார்கள். அல்லது ஒரு தலைப்பைக் கொடுத்து மனதிலிருந்து போடச் சொல்வார்கள். ஆகவே இன்றிலிருந்து ஃபோனைப் பார்த்து வரைவது வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

தாள்: பயிற்சிக்கு சாதாரண கார்ட்ரிட்ஜ் தாள் போதும். வாட்டர் கலருக்கு 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனம்), போஸ்டர் கலருக்கு 200 ஜி.எஸ்.எம். வாங்கலாம். அளவு அரை இம்பீரியல், அதாவது 15க்கு 22 அங்குலம். ஏ4 நோட்டிலேயே பழகிய பையன் திடீரென்று இந்த அளவுக்கு வந்தால் பொருள்களை நடுவில் சின்னதாகப் போட்டுவிட்டுச் சுற்றிலும் வெற்றிடம் விட்டுவிடுவான். ஆரம்பத்திலிருந்தே பெரிய தாள். பென்சில் எச்.பி., 2பி, 4பி, 6பி. உருண்டைத் தூரிகையில் 4, 8, 12 எண்கள், ஒரு அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று. ஐம்பது வண்ணப் பெட்டி தேவையில்லை. மஞ்சள், சிவப்பு, நீலத்தில் சூடானது ஒன்று குளிர்ந்தது ஒன்று என ஆறு, கூட ஒரு மண் நிறம், வெள்ளை. கறுப்பு டியூபை முதல் ஆறு மாதம் எடுத்து ஒளித்து வையுங்கள். நிழலைக் கறுப்பால் போடும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு விடுவது கஷ்டம். சேலம் குண்டு மாம்பழத்தின் நிழல் பக்கம் ஊதாவும் பழுப்பும் கலந்துதான் இருக்கும், கரி பூசியதுபோல் இருக்காது.

தேர்வில் கேட்பது: இரண்டு மூன்று பொருள்கள், பின்னால் ஒரு துணி, கீழே வேறு நிறத்தில் ஒரு துணி, ஒரே இடத்தில் உட்கார்ந்து வரைய வேண்டும். பித்தளைச் சொம்பு, இரண்டு கமலா ஆரஞ்சு, ஒரு மர டப்பா என்று வீட்டில் வைத்தாலே அதே பயிற்சிதான். மூன்று மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 10 நிமிடம் பென்சிலைத் தாளில் வைக்காமல் பார்த்து, ஓரத்தில் தீப்பெட்டி அளவில் இரண்டு சின்ன மாதிரி போட்டு எந்த அடுக்கு நன்றாக உட்காருகிறது என்று முடிவு செய்வது. அடுத்த 30 நிமிடம் கோட்டு வரைபடம். கையை முழுக்க நீட்டிப் பென்சிலால் அளக்க வேண்டும். முழங்கை மடங்கினால் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு மாதிரி வரும். 15 நிமிடம் வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்று லேசாகப் பிரிப்பது. 75 நிமிடம் பொருள்களுக்கு வண்ணம், 35 நிமிடம் துணிகளுக்கு. கடைசி 15 நிமிடம் விளிம்புகளுக்கும், பொருள் தரையைத் தொடும் இடத்து இருட்டுக்கும். வாட்டர் கலரென்றால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போக வேண்டும். போஸ்டர் கலரில் நடுத்தர நிறத்தை முதலில் பூசிவிட்டு இரு பக்கமும் நகரலாம்.

தப்பு நடக்கும் இடங்கள் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றேதான். சொம்பின் வாய் நீள்வட்டம். அதன் இரு முனையையும் மீன்வால்போல் கூராக்கிவிடுவார்கள். அடிப்பாகத்தை நேர்கோட்டில் வெட்டிவிடுவார்கள். மேலிருந்து பார்க்கும்போது அடி வட்டம் வாய் வட்டத்தைவிட இன்னும் உருண்டையாகத் தெரிய வேண்டும். மூன்று பொருளையும் ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக நிறுத்துவார்கள். ஒன்று மற்றொன்றைக் கொஞ்சம் மறைத்தால்தான் ஆழம் வரும். துணி மடிப்பைக் கோடு கோடாகப் போடுவார்கள். மடிப்பு என்பது ஒரு பக்கம் வெளிச்சமும் மறு பக்கம் இருட்டும் உள்ள சின்ன மேடு. அரை மணி நேரம் கழித்து முதுகு வலித்துச் சரிந்து உட்காருவார்கள், கண்மட்டம் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும், அதற்குப் பின் போட்ட கோடெல்லாம் முன்னதோடு சண்டை போடும். பின்துணியைக் கடைசிக்கு வைத்து நேரம் போதாமல் வெள்ளையாக விடுவது இன்னொன்று. நிறம் பளிச்சென்று இருப்பதைவிட அடுக்கும் வரைதலும் சரியாக இருப்பதற்குத்தான் மதிப்பெண் அதிகம்.

ஏற்காட்டில் இருப்பதால் உங்களுக்கென்று தனியாக இரண்டு சிக்கல். பனிமூட்ட நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும், நிழல் விழாது. கீழே தேர்வு அறையில் தலைக்கு மேல் டியூப்லைட்டுகள், ஒரு பொருளுக்கு மூன்று நிழல். இரண்டிலும் ஒளியின் திசை தெளிவாகத் தெரியாது என்பதால், வாரம் ஒரு தடவை ஜன்னலை மூடிவிட்டு இடப்பக்கம் ஒரே ஒரு மேஜை விளக்கை வைத்துப் போடச் சொல்லுங்கள். ஒளி எப்படி உருண்டையை உண்டாக்குகிறது என்பது அதில்தான் புரியும். இரண்டாவது ஈரம். ஜூன் முதல் நவம்பர் வரை வாட்டர் கலர் பூச்சு காய மறுக்கும். பொறுமையிழந்து ஈரத்தின் மேலேயே அடுத்த பூச்சைப் போட்டால் சேறாகும். இரண்டு பலகை வைத்து மாற்றி மாற்றி வேலை செய்யலாம். முடித்த படங்களைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைக்காதீர்கள். உள்ளே ஈரம் நின்று பழுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். இடையிடையே வெறும் தாள் வைத்து அட்டைக் கோப்பில், தரையிலும் சுவரிலும் படாமல், வெயில் அடிக்கும் நாளில் ஒரு முறை திறந்து காற்றாட விடுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. சி.பி.எஸ்.இ. தேர்வில் போர்ட்ஃபோலியோவுக்கு 20 மதிப்பெண். முதல் பென்சில் கிறுக்கலிலிருந்து முடித்த படம் வரை வருடம் முழுக்கச் செய்ததை அதில் கேட்பார்கள். அழகாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடும் பையன்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி எழுதச் சொல்லுங்கள்.

மனதிலிருந்து போடும் கம்போசிஷனுக்கு ஸ்கெட்ச்புக்தான் மூலதனம். சந்தை, பேருந்து நிலையம், திருவிழா என்று தலைப்பு வந்தால், உட்கார்ந்திருக்கும் மனிதரின் முழங்கால் எப்படி மடங்கும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினம் 20 நிமிடம், ஒரு உருவத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் இல்லை: ஏரிக்கரையில் படகுக்குக் காத்திருப்பவர்கள், காப்பித் தோட்டத்தில் கூடை சுமப்பவர்கள், மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம். முகம் வேண்டாம், எடை எந்தக் காலில் நிற்கிறது என்று மட்டும்.

சி.பி.எஸ்.இ. பெயின்டிங் எழுத்துப் பகுதியில் பிளஸ் ஒன்னுக்குப் பாறை ஓவியம், சிந்துவெளி தொடங்கிக் கோயில் சிற்பம், செப்புத் திருமேனி வரை. பிளஸ் டூவில் ராஜஸ்தானி, பஹாரி, முகலாய, தக்காணச் சிற்றோவியங்களும் வங்காளப் பாணியும் நவீன ஓவியர்களும். பிள்ளைகள் படத்தின் கதையை எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்பது ஓவியர், பாணி, காலம், ஊடகம், பிறகு அமைப்பு. கிஷன்கரின் புகழ்பெற்ற ராதை படம் என்றால், நிஹால் சந்த், 18ஆம் நூற்றாண்டு, தாளில் நீர் வண்ணம் என்று முதல் இரண்டு வரியில் வந்துவிட வேண்டும். நீண்ட கண்ணும் கூரிய மூக்கும் அதன் பின்னால். சிற்பப் பாடத்துக்குப் புத்தகத்தை மட்டும் நம்பாமல் ஒரு ஞாயிறு தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். ராமன் இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவதும், வாலியின் தூணிலிருந்து ராமன் தெரியாமல்போவதும் அங்கேதான். சிற்பி பார்ப்பவனின் கோணத்தைக் கணக்கிட்டு வேலை செய்திருக்கிறார் என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இசைக்கு வருவோம். பையனுக்கு இப்போது குரல் உடைகிற வயது. இதைக் கவனிக்காமல் நாலைந்து வருடப் படிப்பை வீணாக்கியவர்கள் உண்டு. நேற்றுவரை 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடியவன் ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு இறங்கி நிற்பான். இடையில் ஆறு மாதமோ ஒரு வருடமோ மேல் ஸ்தாயியில் குரல் பிளந்துகொண்டே இருக்கும். பழைய சுருதியைப் பிடித்துத் தொங்கக் கூடாது. சுருதியை அவ்வப்போது அரைக் கட்டை இறக்கி, மந்திர (கீழ்) ஸ்தாயியில் "ஆ" என்று நீளமாக நிற்கும் அகாரப் பயிற்சி மட்டும் மென்மையாகச் செய்ய வேண்டும். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்தம். அந்தக் காலத்தில் வயலினோ மிருதங்கமோ தொடங்கலாம். தாளம், ஸ்வரக் குறியீடு, ராக லட்சணம் இவற்றையும் முடித்துக்கொள்ளலாம். எழுத்துத் தேர்வுக்கு அவைதான் தேவை.

ஒரு நாளைக்கு 45 நிமிடப் பயிற்சி போதும், ஆனால் வாரம் ஆறு நாளும் விடாமல். 5 நிமிடம் ஸா-பா-ஸா நிறுத்தம், 10 நிமிடம் ஜண்டை, அலங்காரம் என்ற அடிப்படை ஸ்வர வரிசைகள் மூன்று காலத்தில் (வேகத்தில்), 15 நிமிடம் ஒரு வர்ணம் இரண்டு காலத்தில், மிச்சம் கீர்த்தனை. இரண்டாம் காலத்தில் பாட்டோடு கையும் சேர்ந்து வேகம் எடுப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. கை அதே நடையில் இருக்க வேண்டும், பாட்டு மட்டும் இரட்டிக்க வேண்டும். சந்தேகமிருந்தால் ஃபோனில் பதிவு செய்து, முதல் ஆவர்த்தனத்தையும் (தாளச் சுற்று) கடைசி ஆவர்த்தனத்தையும் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் இரண்டிலும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும்.

மலையில் வாத்தியம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஈரத்தில் மிருதங்கத் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். கீழே சேலத்து வெயிலுக்கு அதே தோல் இறுகிச் சுருதி ஏறும். மேலே சரியாகக் கூட்டியதைத் தேர்வு நாள் காலை கீழே கொண்டுவந்தால் கூடம் முழுக்க அபசுரம். முதல் நாளே இறக்கி, வாசிக்கப் போகும் ஊரின் காற்றில் ஒரு இரவு வைத்துவிட்டுக் கல்லும் கட்டையும் கொண்டு கூட்ட வேண்டும். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோல்) வைத்த ரவையை வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைக்காவிட்டால் ஈரத்தில் புளித்துத் தோலைக் கெடுக்கும். வயலினின் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) மலையில் ஊதி இறுகும், கீழே சுருங்கி வழுக்கும்; வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் பொடி. வில்லை ஒவ்வொரு முறையும் தளர்த்திவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதம் என மூன்று வருடச் சான்றிதழ்ப் படிப்பு, 12 முதல் 25 வயது வரை சேரலாம், உதவித்தொகையும் உண்டு. ஆனால் வகுப்பு பகலில். பிளஸ் ஒன் படித்துக்கொண்டே அங்கே போக முடியாது. பிளஸ் டூ முடித்தபின் யோசிக்க வேண்டிய இடம் அது. சிறுவருக்குக் கலைகள் சொல்லித்தரும் அரசின் ஜவகர் சிறுவர் மன்றம் 16 வயதோடு முடிந்துவிடும், உங்கள் பையன் அதன் வாசலில் நிற்கிறான். அவன் இப்போதே எழுதக்கூடியது அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வு. ஓவியத்திலும் கர்நாடக இசையிலும் லோயர், ஹையர் என்று இரண்டு படி. பிற்பாடு ஓவிய ஆசிரியர், இசை ஆசிரியர் வேலைக்குப் போக நினைத்தால் அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும். மேற்கத்திய இசை பழகும் பிள்ளைகளுக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகள், எட்டு படி. நாடகத்திலும் பேச்சுக் கலையிலும் அவர்கள் கிரேடு தேர்வு நடத்துகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

நாடகத்தைப் பாடமாகத் தேடி அலைய வேண்டாம், இங்கே கிடைக்காது. ஆனால் அரங்கக் கலை நம் மாவட்டத்தில் தெருவிலேயே இருக்கிறது. ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையில் (வேடமிட்டவர்கள் வண்டிகளில் வரும் ஊர்வலம்), அசையாமல் மணிக்கணக்கில் வேடத்தில் நிற்பதையும், இரவு விளக்கில் எந்த நிறம் தூரத்துக்கு எடுபடுகிறது என்பதையும் பார்க்கலாம். கோயில் திருவிழாக்களில் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். மேட்டூர் பக்கம் ஏர்வாடியிலிருந்து வரும் மணல்வீடு இதழும் களரி அமைப்பும் கூத்துக் கலைஞர்களுக்காகவும் வேலை செய்பவை. கூத்துக்குப் போனால் கதையைப் பார்க்காமல் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். திரைக்குப் பின்னால் நின்று பாடி, கொஞ்சம் கொஞ்சமாக வேடம் வெளிப்படுவது எப்படி? கட்டியங்காரன் ஒரே ஆளாகக் கதை சொல்பவனாகவும் கேலி செய்பவனாகவும் மாறும்போது உடம்பில் என்ன மாறுகிறது? அடவு (ஆட்டம்) முடிந்ததும் மூச்சு வாங்காமல் எப்படி அடுத்த பாட்டை எடுக்கிறார்கள்?

பள்ளி நாடகத்தில் கெடுவது இரண்டு காரணத்தால். ஒன்று, மேடை நடுவில் ஒரே மைக். எல்லா நடிகரும் அதன் முன்னால் வரிசையாக வந்து நின்று பேசிவிட்டுப் போவார்கள், நாடகம் பட்டிமன்றமாகிவிடும். மைக்கை எடுத்துவிட்டுச் சின்னக் கூடத்தில் போடலாம், அல்லது மேலிருந்து இரண்டு மைக் தொங்கவிடலாம். இரண்டாவது இன்னும் மோசம்: வசனத்தை முன்பே பதிவு செய்து ஓடவிட்டுப் பிள்ளைகளை வாயசைக்க வைப்பது. அதில் நடிப்பவன் எதையும் கற்பதில்லை. உங்கள் பையனுக்கு அப்படிப்பட்ட வேடம் வந்தால் மறுத்துவிடலாம் என்பேன்.

பதினைந்து நிமிட நாடகத்துக்கு ஆறு வாரம் வேண்டும். முதல் வாரம் உட்கார்ந்து படிப்பது மட்டும். இரண்டு, மூன்றில் யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது. மூன்றாவது வாரக் கடைசியில் தாளைக் கீழே வைத்துவிட வேண்டும். நான்கில் காட்சி காட்சியாகத் திருத்தம். ஐந்தில் பொருள்களும் உடையும், ஏனென்றால் வேட்டி கட்டியதும் நடை மாறும். ஆறில் நிறுத்தாமல் மூன்று முழு ஓட்டம். ஒரு நோட்டில் இடப்பக்கம் வசனம், வலப்பக்கம் நகர்வும் விளக்கும் ஒலியும் என்று எழுதி வைத்தால் இயக்கக் குறிப்பேடு தயார். நடிக்காதவனும் இதை எழுதிக் கற்கலாம். அரசுப் பள்ளி மாணவரென்றால் கலைத் திருவிழாவில் 11, 12ஆம் வகுப்புக்குத் தனிப் பிரிவு உண்டு, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகும். ஒரு எச்சரிக்கை: குரல் உடையும் வயதில் மேடையில் தொண்டையால் கத்தினால் அடுத்த நாள் பாட்டுப் பயிற்சி போய்விடும். வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, கடைசி வரிசைக்குப் பேசுவதற்கு உயரமான குரல் தேவையில்லை, தெளிவான மெய்யெழுத்துகள் போதும்.

பத்து மணி நேரக் கணக்கு இப்படி வரும். காலையில் 45 நிமிடம் பாட்டு, வாரம் ஆறு நாள், நாலரை மணி. தினம் 20 நிமிட ஸ்கெட்ச், இரண்டு மணிக்குச் சற்று மேல். ஞாயிறு மூன்றரை மணி நேரம் பொருள் வரைதல். நாடகம் இந்த அட்டவணையில் வராது. வருடத்தில் ஒரே ஒரு ஆறு வாரம் அதற்கு, அந்த வாரங்களில் ஞாயிறு வரைதல் நிற்கட்டும். பிளஸ் டூ அரையாண்டுக்குப் பின் மேடை வேண்டாம். பாட்டும் ஸ்கெட்ச்சும் மட்டும் விடாமல் ஓடட்டும், அவை இரண்டும் ஒரு மாதம் நின்றால் திரும்பப் பிடிக்க மூன்று மாதம் ஆகும்.

பிளஸ் டூவுக்குப் பிறகு வழிகள் உண்டு. 1850இல் தொடங்கிய சென்னை அரசு நுண்கலைக் கல்லூரியும் கும்பகோணம் நுண்கலைக் கல்லூரியும் நான்காண்டு பி.எஃப்.ஏ. (இளங்கலை நுண்கலை) பட்டம் தருகின்றன, சேர்க்கை செய்முறைத் தேர்வோடு. சிற்பத்துக்கு மாமல்லபுரம் அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. இசைக்கு அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, திருவையாறு, மதுரை, கோவையில். சேலத்துக்குக் கிட்ட கோவை. கலாக்ஷேத்ராவில் இசையும் காட்சிக்கலையும் உண்டு. நாடகம் மட்டும் சுற்றுவழி: டெல்லி தேசிய நாடகப் பள்ளி பட்டப்படிப்பும் மேடை அனுபவமும் கேட்கும், புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை முதுகலைக்கு. ஆகவே இளங்கலையில் ஓவியமோ இசையோ வேறு எதுவோ படித்துக்கொண்டு நாடகத்தை வெளியே வைத்திருப்பதுதான் நடைமுறை.

அந்த அனுபவத்துக்குச் சான்று இப்போதிலிருந்தே சேர வேண்டும். நாடக அழைப்பிதழ், பெயர் அச்சான நிகழ்ச்சி நிரல், மேடைப் புகைப்படம், போட்டிச் சான்றிதழ் எல்லாம் ஒரே கோப்பில். சான்றிதழ் வாங்கும் அன்றே பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். தவறாக இருந்தால் அந்த வாரமே திருத்தி வாங்குவது சுலபம். இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் கையெழுத்துப் போட்டவர் மாறுதலாகிப் போயிருப்பார்.